முந்திக்கொண்ட கை

"எல்லாம் உனக்கே தெரியும்னா, அப்புறம் நாங்க எதுக்குடி?"

வகுப்பில் ஒருநாள், ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடும் தோழி அவளிடம் கேட்டாள். டீச்சர் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறவளுக்கு, இதற்கு மட்டும் விடை தெரியவில்லை. முந்திரிக்கொட்டை என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்த பிறகு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவளே படிப்பை நிறுத்திவிட்டு, சித்தியின் தையல் கடையில் பட்டன் தைக்க உட்கார்ந்துவிட்டாள். பட்டன் யாரையும் கோபித்துக்கொள்ளாது.

அன்றைக்குக் கேள்வி கேட்டவள் ஒல்லிதான் என்றாலும், இன்னும் தேடி வருகிறவளும் அவள் ஒருத்திதான். ஒருநாள் கடைக்கு வரும்போது அவள் கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது.

"ஏய் முந்திரி, ஒரு வாரமா மண்டைய உடைச்சு நானே போட்ட புதிர். சொந்தச் சரக்கு!"

துணி வெட்டும் மேசையில் தீக்குச்சிகளை அடுக்கி ஒரு வீடு கட்டினாள்.

"வாசல் இந்தப் பக்கம் இருக்கு பாரு. ரெண்டே குச்சிய நகர்த்தி அந்தப் பக்கம் கொண்டு போகணும். முடியுமா உன்னால?"

ஒல்லி கேட்டு முடிக்கும்போதே இவள் கண்ணில் விடை பட்டுவிட்டது. சொன்னால் ஒல்லியும் வராமல் போய்விடுவாள். முந்திரிக்கொட்டை நூலைப் பல்லில் இறுக்கிக் கடித்துக்கொண்டாள். தலையைச் சொறிந்தாள். தப்பான குச்சியை எடுத்துத் தப்பான இடத்தில் வைத்தாள்.

ஒல்லிக்கு முகமெல்லாம் பல். "சித்தி, இங்க வந்து பாருங்க! உங்க வீட்டு மூளை மக்கர் பண்ணுது!"

"ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, ஓடும்," என்றாள் சித்தி, தையல் மெஷினை நிறுத்தாமல்.

"தோத்துட்டேன்டி, நீயே சொல்லு," என்றாள் முந்திரிக்கொட்டை.

எத்தனை நாளைக்குப் பிறகு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள்! தோற்பது இவ்வளவு சுகமா?

ஒல்லி வீட்டைப் பழையபடி அடுக்கி, ஒரு குச்சியை நகர்த்தினாள். இரண்டாவதில் விரல் நின்றது.

"இரு இரு... வீட்ல சரியா வந்துச்சே."

இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். காது சிவந்துவிட்டது.

முந்திரிக்கொட்டைக்குப் பாவமாக இருந்தது. வாயைத்தான் கட்டி வைத்திருந்தாள், கையை மறந்துவிட்டாள். அது தன்பாட்டுக்குப் போய், ஒல்லியின் விரலருகே கிடந்த குச்சியை எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தது.

வாசல் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஒல்லி வீட்டைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். வாயைக் கட்டிய நூல் இன்னும் பல்லில்தான் இருந்தது.

"இல்லடி, இப்பத்தான் எனக்கு..."

ஒல்லி குச்சிகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். தெருவில் இறங்கிப் போனாள்.