நாற்பத்தொன்பதில் ஒரு நாள்

ரொட்டிக் கடை விதவையின் கணவர் ஏப்ரல் மூன்றாம் தேதி இறந்தார். அவருடைய நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு மே இருபதாம் தேதி நடந்ததாக நாவல் சொன்னது. நான் எண்ணினால் மே இருபத்தொன்று வந்தது. இறந்த நாளை ஒன்று என்று வைத்து விரலால் எண்ணினேன், நாட்காட்டியில் எண்ணினேன். அலுவலக அலமாரியில் இருந்த மூன்று சடங்கு நூல்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றும் டோக்கியோவில் அச்சானவை, மூன்றும் என் பக்கம்தான் பேசின.

மெய்ப்பு பார்ப்பது என் தொழில். எழுத்துப் பிழையோடு அது முடிவதில்லை. கதாநாயகி முழுநிலவைப் பார்த்து அழுதால், அன்று நிலா முழுதாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். தவறு என்று தோன்றினால் பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதி, கடைசியில் "சரியா?" என்று போட வேண்டும். திருத்துவதும் திருத்தாததும் எழுதியவர் விருப்பம். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பதிப்பாசிரியர் நிஷிவாகி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இந்த நாவலைத் தேடிப்பிடித்து என் மேசையில் வைத்தவர் அவர்தான். என் கணவர் தெட்சுரோ இறந்து அப்போது இரண்டு மாதம்.

"உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன், குராமோச்சி சான்."

"ஏற்கெனவே பதினோரு ஆறுதல் வீட்ல இருக்கு."

உண்மைதான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஊதுபத்தியோடு ஆளுக்கொரு விதவை நாவலும் கொண்டுவந்தார்கள். பதினொன்றையும் படித்தேன். இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று இப்போது என்னால் பிரித்துக் காட்ட முடியும். முதல் அத்தியாயத்தில் கணவர் சாக வேண்டும், அதிகம் பேசாமல். இரண்டில் அவள் கடலோர ஊருக்குப் போக வேண்டும். மூன்றில் பூனை. பிறகு மரவேலை செய்யும் ஒரு நல்ல மனிதர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு. கடைசியில் கணவருடைய கோட்டுப் பையில் ஒரு கடிதம். தெட்சுரோவின் கோட்டுப் பைகளை நானும் பார்த்தேன். பல்குச்சி மூன்று, சலவைக் கடைச் சீட்டு ஒன்று.

"ஒரு நாள்தானே," என்றார் நிஷிவாகி. "யாரு எண்ணப் போறாங்க? படிக்கிறவங்க அழுதுகிட்டிருப்பாங்க."

"விதவைங்க நல்லாவே எண்ணுவாங்க. அழறதுக்கு எங்களுக்கு எங்க நேரம்? ஓய்வூதியப் படிவமே எட்டுப் பக்கம்."

என்னைத் தொந்தரவு செய்தது அந்த ஒரு நாள் மட்டுமில்லை. ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று ஒவ்வொரு வாரச் சடங்கும் ஒரு நாள் முன்னால் இருந்தது. அவள் ரொட்டிக் கடை திறக்கும் நூறாம் நாள்கூட. அசிரத்தையாக எழுதுகிறவர் ஓரிடத்தில் ஒரு நாள், வேறிடத்தில் நான்கு நாள் என்று தாறுமாறாகத்தான் தவறுவார். எட்டுத் தவறும் ஒரே அளவு என்றால் அதன் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அந்த விதிதான் எனக்குப் பிடிபடவில்லை. "ஒரு நாள் குறைகிறது, சரியா?" என்று எட்டு இடங்களில் எழுதி அனுப்பினேன்.

இன்னொரு குறிப்பும் எழுதினேன். மாமியாரிடமிருந்து விடுபட அந்தக் கதாநாயகி மூன்று அத்தியாயங்கள் மழையில் நடக்கிறாள். "கணவர் வீட்டு உறவை முடித்துக்கொள்ள நகர அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கிறது. ஒரே தாள். மனைவி கையெழுத்து போதும், யார் சம்மதமும் வேண்டாம், கெடு தேதியும் இல்லை. மழை தேவையா, சரியா?"

அந்தப் படிவம் எனக்கு நன்றாகத் தெரியும். நிரப்பிய பிரதி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருந்தது.

காரணமும் ஒரு நாள்தான். தெட்சுரோ அக்டோபர் இரண்டு, திங்கட்கிழமை இறந்தார். நாங்கள் இருந்தது டோக்கியோவில். அவருடைய அம்மா ஒசாகாவுக்குத் தெற்கே கிஷிவாதாவில் தனியாக இருக்கிறார். "நாற்பத்தொன்பதாம் நாள் பதினோரு மணிக்குக் கோயில்ல, அத்தை" என்று தொலைபேசியில் சொன்னேன். தேதி சொல்லவில்லை. எண்ணத் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவில் தேதி எதற்கு? என் கணக்கில் அது ஞாயிறு. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் அத்தை கறுப்புக் கிமோனோவில், ஜெபமாலையோடு நிற்கிறார். நான் இரவு உடுப்பில், கையில் பென்சிலோடு.

"கோயிலுக்குப் போனேன். யாருமே இல்ல. நீ இன்னும் பல்லுகூட வெளக்கல போல."

"நாளைக்குத்தானே, அத்தை?"

"நாளைக்கா? ஊரார் தேதியெல்லாம் எண்ணிச் சம்பளம் வாங்குறே. புருஷனோட தேதி மட்டும் எண்ண வரலையா?"

தேநீர்கூடக் குடிக்காமல் அப்போதே ரயிலேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை துறவியும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஓதினார், எனக்குக் கால் மரத்தது. அடுத்த வாரம் படிவம் வாங்கினேன்.

நூறாம் நாளை அழுகை முடியும் நாள் என்பார்கள். என் கணக்கில் அது ஜனவரி ஒன்பது, செவ்வாய். அன்றே படிவத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். டிசம்பர் கடைசியில் அத்தையிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "நூறாம் நாளுக்கு எட்டாம் தேதி வருகிறேன்." மறுபடி ஒரு நாள் முன்னால். குத்திக்காட்ட இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று நினைத்தேன்.

புத்தாண்டு விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை நாவலாசிரியரின் பதில் வந்தது. ஒசாகாவுக்குப் பக்கத்தில் சகாயில் இருக்கும் எழுபது வயது அம்மையார் அவர். முதல் ஏழு குறிப்புகளையும் சிவப்பில் அடித்திருந்தார். எட்டாவதின் பக்கத்தில் மட்டும் நான்கு வரி.

"எல்லாம் சரிதான். எங்கள் பக்கத்தில் சடங்குகளை முந்தின நாள் மாலையிலேயே தொடங்குவது வழக்கம். அதனால் சாவதற்கு முந்தின நாள்தான் முதல் நாள். மழை இருக்கட்டும், மழைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்."

நான் அத்தைக்குத் தொலைபேசினேன்.

"அத்தை, சடங்குக்கு எந்த நாள்லேர்ந்து எண்ணுறீங்க?"

"முந்தின நாள்லேர்ந்துதான். வேற எப்படி எண்ணுவாங்க?"

"இங்க இறந்த அன்னிக்குதான் ஒண்ணு."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"ஒம் புருஷன் ஒனக்குச் சொல்லலையா?"

"பத்தொன்பது வருஷத்துல உங்க பக்கம் யாருமே சாகலையே, அத்தை. எப்பச் சொல்லுவாரு?"

"அதுவும் எங்க தப்புதான்," என்றார். "அப்போ ஞாயித்துக்கிழமை நீ தனியாவா உட்கார்ந்திருந்தே?"

"துறவி இருந்தாரு."

"நான் ரயில்ல ஷிஸுவோகா வரைக்கும் ஒன்னத் திட்டிக்கிட்டே போனேன்."

"ஷிஸுவோகாவுக்கு அப்புறம்?"

"பெட்டிச் சோறு சாப்பிட்டேன். விலாங்கு. நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அழுகை வந்துருச்சு." மூக்கை உறிஞ்சினார். "சரி, எப்ப வரட்டும்? ஒங்க கணக்கா, எங்க கணக்கா?"

நாட்காட்டியைப் பார்த்தேன். எட்டாம் தேதி அரசு விடுமுறை. கோயில் திறந்திருக்கும், நகர அலுவலகம் மூடியிருக்கும். படிவம் இழுப்பறையிலேயே இருக்கட்டும், அதற்குத்தான் கெடு இல்லையே. இரண்டு ஊர்க்காரர்களும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: சடங்கு முன்னதாக நடக்கலாம், பிந்தக் கூடாது.

"எட்டாம் தேதி திங்கட்கிழமை, பதினோரு மணி, கோயில்ல," என்றேன்.

ஒரே வீட்டில் இரண்டு கணக்கு இருந்தால், முன்னால் வரும் நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். தேதியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.