மூன்று அவரைச் செடிகள்

ஐந்தாம் வகுப்பில் அவளைத் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்டு டீச்சரின் உயிரை வாங்குவாள். அதனாலேயே தண்ணீர்ச் சோதனையை டீச்சர் அவள் பொறுப்பில் விட்டார்.

"சாயப்பட்டறைக்குப் பின்னாடி இருக்கிற போர்வெல் தண்ணி நல்லதா, கெட்டதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. விஞ்ஞானி வாய்ப்பேச்சை நம்ப மாட்டாங்க. செஞ்சு பார்ப்பாங்க. பார்த்ததை அப்படியே எழுதுவாங்க."

ஜன்னலோரம் ஆறு டப்பாக்கள். ஒரே மண், ஒரே வெயில், டப்பாவுக்கொரு அவரை விதை. மூன்றுக்குப் பள்ளிக் குழாய்த் தண்ணீர், மூன்றுக்குப் போர்வெல் தண்ணீர். தினமும் இரண்டு மூடி ஊற்றி, உயரம் அளந்து நோட்டில் எழுத வேண்டும். தண்ணீரைத் தவிர வேறெதுவும் மாறக் கூடாது.

மூன்றாம் வாரம் போர்வெல் செடிகளின் இலை மஞ்சளடித்துச் சுருண்டது. அந்தப் போர்வெல் துருவியின் தெருவில்தான் இருக்கிறது. வகுப்பு சும்மா விடுமா?

"உங்க தெரு செடி மூஞ்சியைப் பாரேன், உன்னை மாதிரியே இருக்கு!"

அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. செடிகளைப் பார்த்தால் அழுகையும் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது பள்ளிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அந்த மூன்று டப்பாவிலும் வழிய வழிய ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். அதன்பிறகு போர்வெல் தண்ணீரை அவை கண்ணாலும் பார்க்கவில்லை. பதினைந்தே நாளில் புதுத்துளிர் விட்டன. அவள் எழுதிய உயரத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஊற்றியதைத்தான், பாவி மகள், எழுதவில்லை.

சோதனை முடிவை எழுதிய அட்டையில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். "நாம நினைச்சது தப்பு. போர்வெல் தண்ணியால செடிக்கு ஒண்ணும் ஆகல."

பெற்றோர் கூட்டத்தன்று அம்மா அந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஐந்து மாதத் தம்பியின் பால்பவுடருக்காகத்தான் அவள் வீங்கின காலோடு பள்ளிக் குழாய் வரைக்கும் தினமும் குடம் தூக்கி வந்தாள்.

"நல்லவேளைடி, என் கால் பொழைச்சுது. இனிமே நம்ம தெரு தண்ணியே போதும்."

துருவி சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அம்மா அட்டையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். அந்த நாளை வரவே இல்லை.

போர்வெல் தண்ணீருக்கு மாறிய இருபத்திரண்டாம் நாள் தம்பிக்குக் குடித்த பால் தங்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாலுக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"நல்ல தண்ணிதான் டாக்டர். எம்பொண்ணே பள்ளிக்கூடத்துல சோதிச்சுப் பார்த்தது." அந்த நிலையிலும் அம்மாவின் குரலில் பெருமை.

டாக்டரம்மா தலையாட்டி எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார். பேனா அந்த வரியைத் தாண்டிவிட்டதைத் துருவி பார்த்தாள்.

"அது தப்பு டாக்டர். நாங்க ஊத்துறது சாயப்பட்டறை போர்வெல் தண்ணி. செடி செத்துப்போச்சுன்னா கிண்டல் பண்ணுவாங்கன்னு நான்தான் குழாய்த் தண்ணி ஊத்துனேன்."

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். "எத்தனை நாளா குழந்தை இதைக் குடிக்குது?"

"இருபத்திரண்டு நாள்," என்றாள் துருவி.

"ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில்?"

"ஆறு."

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டார். தம்பியைத் தூக்கிக்கொண்டு இருவரும் கதவுக்கு அந்தப்பக்கம் ஓடினார்கள். வராந்தாவில் அம்மாவும் அவளும் மட்டும் நின்றார்கள். அடி விழும் என்று துருவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி விழவில்லை.

"செடி சாகுதுன்னு உனக்குத் தெரிஞ்சுது. நல்ல தண்ணி ஊத்துன," என்றாள் அம்மா. "எம்புள்ளைக்கு ஊத்த ஒரு வார்த்தை சொல்லலையேடி."