செல்லாத கல்யாணம்

"முடியாதும்மா. எம்பசி லெட்டர் இல்லாம பாடியக் குடுக்க முடியாது." கண்ணாடித் துவாரத்தின் வழியாகச் சொல்லிவிட்டு எழுத்தர் சதாசிவம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கலாதேவி நகரவில்லை. பின்னால் நின்ற தங்கை புனிதாவுக்குத்தான் உடம்பு கூசியது. ஈப்போ ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் இத்தனை பேர் பார்க்க நின்று அவளுக்குப் பழக்கமில்லை.

உள்ளே கிடந்தது கோகிலன், கலாதேவியின் புருஷன். போர் முடிந்த வருஷம் இலங்கையிலிருந்து படகில் மலேசியாவுக்கு வந்தவர். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். போன மாதம் ரெய்டில், பாஸ்போர்ட் இல்லையென்று பிடித்துக் குடிநுழைவு முகாமில் அடைத்தார்கள். நேற்று நெஞ்சுவலி, போய்விட்டார் என்று போன் வந்தது.

"எந்த எம்பசிண்ணே?" என்றாள் கலாதேவி. "எந்தக் கவர்மெண்டுக்குப் பயந்து கடல்ல எறங்குனாரோ அவங்ககிட்டயா போயி லெட்டர் கேக்கறது? அவரு கூடப்பொறந்தவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க."

"சட்டம்லா. கடல்ல வந்தவன மொதல்ல கேம்ப்புல போடுன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சது. நானா எழுதினேன்?"

"எங்க பூட்டனையும் கப்பல்லேருந்து எறக்கித் தீவுல அடைச்சு, துணிய அவுத்து மருந்தடிச்சான் அந்த வெள்ளைக்காரன். உங்க பூட்டன் என்ன, ஏரோப்ளேன்ல வந்தாரா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சதாசிவம் பேனாவை மூடித் திறந்தார்.

"அது வேற காலம்."

"வேறதான். அப்ப ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவ ஆள் வேணும்னு உயிரோட வெளிய வுட்டான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ வாரிஸ்னா ஏதாச்சும் பாக்கலாம். ஒங்க கல்யாணம் ரெஜிஸ்டர் ஆகலியே. கவர்மெண்டுக்கு நீ அவரு சம்சாரமே இல்ல, தங்கச்சி."

"மாரியம்மன் கோயில்ல கட்டுன தாலி. ரெஜிஸ்டர் பண்ண முடியாதுன்னு தொரத்துனதும் கவர்மெண்டுதான்."

சதாசிவம் அடுத்த ஆளின் பேப்பருக்குக் கையை நீட்டினார். கலாதேவி கண்ணாடியை விட்டு நகர்ந்தாள்.

நடைபாதை பெஞ்சில் வீரம்மா சித்தி உட்கார்ந்திருந்தாள். சுங்கை சிப்புட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். மடியிலிருந்த பையில் வெள்ளைச் சேலையும் பால் செம்பும் இருந்தன.

"பாடி எப்ப வருதோ. நீ மொதல்ல பொட்ட அழி. வீட்டுக்குப் போயி தாலிய அவுத்துப் பால்ல போட்டுறலாம். ஆளுங்க பேசுவாங்கடி."

"போட மாட்டேன்."

"என்னடி பேசுற?"

"புருஷனே இல்லங்கிறாங்க சித்தி. புருஷன் இல்லாதவளுக்கு என்ன தாலியறுப்பு? அவர எங்கிட்ட குடுத்து, இவதான் பொண்டாட்டின்னு சொல்லட்டும். அன்னைக்கு நானே அவுக்கிறேன். அதுவரைக்கும் இந்த பெஞ்சுதான்."

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகவே சொன்னாள். சதாசிவம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் குனிந்துகொண்டார்.

"புனிதா, வெளிய பூக்கடை இருக்கு. மல்லி வாங்கிட்டு வா. நெறைய."

புனிதா சித்தியைப் பார்த்தாள். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வரிசையைக் கடந்து ஓடினாள் புனிதா. திரும்பி வரும்போது பூவை இலையில் சுற்றி மறைக்கவில்லை. எல்லாரும் பார்க்கக் கையில் தொங்கவிட்டே வந்தாள்.

அக்காவின் பின்னால் நின்று பின்னலில் சுற்றினாள். அவசரத்தில் சரம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

வீரம்மா எழுந்து வந்தாள். தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி நீட்டினாள்.

"இறுக்கிக் குத்துடி. ரொம்ப நேரம் உக்காரப்போறா."