ஜூலியன் அண்ணன் அனுப்பிய பதில்

சவப்பெட்டிக்குள் படுத்திருந்த கணவர் ஜூலியனின் டையை நேராக்கிக்கொண்டிருந்தாள் ஸ்டெல்லாமேரி. பக்கத்தில் கிடந்த அவருடைய போன் விடாமல் சிணுங்கியது.

"அப்பாவோட கிட்னி குரூப்தான்மா" என்றாள் மகள் லினெட். "ராத்திரியே விஷயத்தைப் போட்டுட்டேன். எல்லாரும் வருத்தம் சொல்றாங்க."

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் அந்தக் குரூப்பில் ஜூலியனுக்கு ஒரே வேலைதான். இணையத்தில் நடக்கும் மருத்துவ மோசடிகளைப் பற்றி எங்கே கட்டுரை வந்தாலும் எடுத்துப் போடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதையே குரலிலும் சொல்லி அனுப்புவார். "விடிஞ்சா பிரசங்கம். யாரு கேக்கறா?" என்று காபி டம்ளரை நங்கென்று வைப்பாள் ஸ்டெல்லாமேரி.

அஞ்சலிகளுக்கு நடுவே ஒரு விளம்பரமும் குரல் பதிவும் வந்திருந்தன. அனுப்பியவர் வைத்திக்குப்பத்துச் சின்னக்கண்ணு. அவருக்கு எழுத்து வராது. துக்கச் செய்தி இன்னும் எட்டவில்லை.

"ஜூலியன் அண்ணே, இந்தப் பொடிய துன்னா டயாலிசிசே வேணாமாமே? இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு போவல. பணம் கட்டிடட்டுமா?"

ஸ்டெல்லாமேரிக்கு அழுகை நின்றுவிட்டது. "அய்யோ, போவலன்னா மூச்சு முட்டிடுமே இந்த மனுசனுக்கு!"

கூப்பிட்டாள். லைன் பிஸி. பொடிக்காரனிடம்தான் பேசுகிறாரோ என்னவோ. இதே பொடியைப் பற்றி ஜூலியன் சமையலறை வாசலில் நின்று பேசியது அவளுக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது. பழைய பதிவுகளைத் தேடித் தட்டினாள்.

வீடே அதிர ஜூலியன் பேசினார்: "எல்லாருக்கும் வணக்கம்! பொடி விளம்பரத்துல இருக்காரே டாக்டரு, அவரு டாக்டரே இல்ல. துணிக்கடை விளம்பரத்துல வேட்டி கட்டி நின்ன ஆளு! மருவாதியா டயாலிசிசுக்குப் போங்க!"

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நாத்தனார் திறந்த வாய் மூடாமல் நின்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டெல்லாமேரி அந்தப் பதிவைக் குரூப்பில் போட்டாள்.

அடுத்த நொடியே அரியாங்குப்பத்துப் பலராமன் கூப்பிட்டார். அவரும் குரூப்தான். "அண்ணி, செத்தவரு பேசறாரு!"

"நான்தாங்க அனுப்பனேன்."

"நல்லா அனுப்பனீங்க போங்க! கிட்னிதான் போச்சுன்னு பாத்தா நெஞ்சும் நின்னுடும்போல இருந்துச்சி."

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லாமேரி சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

சாயங்காலம் குரூப் மொத்தமும் வந்து இறங்கியது. சின்னக்கண்ணுவின் இடது கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் புதிதாக ஒட்டியிருந்தன.

"போயிட்டுதான் வரேன் அண்ணி. அண்ணன் அதட்டனதும் ஓடனேன். அங்க நர்சம்மா சொல்லித்தான் தெரியும், அண்ணன் இல்லன்னு."

மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது பெட்டியைத் தூக்கக் குரூப்காரர்களே முந்தினார்கள். டயாலிசிஸ் ஊசி ஏறும் கையில் அவர்கள் பாரம் தூக்கக் கூடாது. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது இடது கை. அதனால் வலது கைக்குத் தோதாக எல்லோரும் ஒரே பக்கமாய்ப் போய் நின்றார்கள்.

"அந்தப் பக்கம் யாராச்சும் புடிங்கப்பா, அண்ணன் சாயறாரு!" என்றார் பலராமன்.

லினெட் ஓடினாள். ஸ்டெல்லாமேரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளுக்கு முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்தாள்.