தாய் மீன் என்ன செய்தது?

என் மேலுதட்டில் ஒரு தையல் தழும்பு இருக்கிறது. பிளந்த உதட்டோடு பிறந்தேன், ஆறாம் மாதம் தைத்தார்கள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். விட்டார்களா? நான் வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகணத்தில் மாங்காய் நறுக்கினாளாம், அதனால்தான் இப்படியாம். தீர்ப்புச் சொன்னது அப்பாவின் அக்கா, தனக்கோடி அத்தை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். இருபத்தெட்டு வருஷமாக எங்கள் படப்பை வீட்டில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் அந்த மாங்காய் பேச்சில் வந்துவிடும். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அண்ணன் மனைவி தீபாவுக்கு ஏழாம் மாதம். அடுத்த செவ்வாய் சந்திர கிரகணம். "அன்னிக்கு நானே வந்து பாத்துக்கறேன். செல்லியம்மாளை நம்ப முடியாது" என்று அத்தை போனில் சொன்னாள். செல்லியம்மாள் என் அம்மா. அம்மா அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே அம்மாவைத் தாம்பரம் பஸ்ஸில் ஏற்றி, நான் ஆராய்ச்சி செய்யும் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மீன் குஞ்சுகளுக்கு முகத்துக் குருத்தெலும்பு எப்படி உருவாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஐந்து நாள் குஞ்சு, அரிசிக் குருணை அளவு. குருத்தெலும்பு மட்டும் நீலமாகத் தெரியும்படி சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தேன்.

"இதுக்குத் தாடை கீது. பக்கத்துல பாரு, இதுக்கு இல்ல."

"அய்யோ பாவம். இது வேற தொட்டியா?"

"ஒரே தொட்டிம்மா. ஒரே ஜோடி, ஒரே நாள் போட்ட முட்டை. தாடையை வளர்க்கற ஒரு ஜீன் பழுது. அப்பன்கிட்ட ஒரு பங்கு, ஆத்தாகிட்ட ஒரு பங்கு. ரெண்டு பழுதும் வந்து சேர்ந்த குஞ்சுக்குத் தாடை வளரல. நாலுல ஒண்ணு அப்படி."

அம்மா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"தாய் மீனு இன்னா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"அப்போ உன் உதடும் இதே ஜீனா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "அது தெரியாதும்மா. மனுஷங்களுக்குக் காரணம் பல. இன்னும் தேடிக்கினுதான் இருக்கோம். ஆனா மாங்கா இல்ல. அது மட்டும் நிச்சயம்."

அம்மா அழுதாள். நானும் அழுதேன், ஆத்திரத்தில்.

செவ்வாய் மாலை அத்தை வந்து ஜன்னலையெல்லாம் சாத்தினாள். தீபாவைக் கூடத்தில் ஒரு மூலையில் உட்காரவைத்து, நகம்கூடக் கடிக்கக் கூடாது என்றாள். அத்தை போனிலேயே சொல்லிவிட்டதால் மத்தியானத்திலிருந்து தீபா பட்டினி.

"பசிக்குது அத்தை" என்றாள் தீபா, என் அம்மாவிடம்.

"பொறுத்துக்கோ. இவ மூஞ்சியைப் பாத்தும் புத்தி வரலியா?" என்று தனக்கோடி அத்தை என்னைக் காட்டினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையல்கட்டில் அரிவாள்மணையை இழுக்கும் சத்தம் கேட்டது. அம்மா அதைக் கூடத்துக்கே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள். மாங்காயை இரண்டாகப் பிளந்தாள்.

"அடிப்பாவி! திரும்பவுமா? புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா?"

"ஆனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுவேன் அண்ணி. இவளைத் தூக்கினு ஓடலியா? ஆனா பழியை மட்டும் இனிமே சுமக்க மாட்டேன். என் மருமகளையும் சுமக்க விட மாட்டேன்."

அம்மா ஒரு துண்டை நறுக்கி நீட்டினாள். தீபா வாங்கி, அத்தையைப் பார்த்துக்கொண்டே நறுக்கென்று கடித்தாள்.

"மிளகாத்தூள் கீதா?" என்றாள்.