சதாசிவத்தின் இடது முட்டி

மலேசியாவின் தைப்பிங்கில் என் பெரியப்பாவின் வலது முட்டி மழையை முதல் நாளே சொல்லிவிடும். சலவைக்காரர்கள் வாசலில் வந்து முட்டியை விசாரித்துவிட்டுத்தான் துணியை நனைப்பார்கள். ஒருமுறை அது தப்பாகச் சொல்லிவிட்டது. வெட்கத்தில் பெரியப்பா ஒரு வாரம் காலை மடக்கவே இல்லை. ஆகவே 1981இல் ஈப்போவில் ஒரு வாத்தியார், பையன்களின் முட்டியைப் பார்த்தே யாருக்குக் கால் அடிபடும் என்று சொல்லிவிடுகிறார் என்றபோது நான் சந்தேகப்படவில்லை.

வாத்தியார் பெயர் முத்தப்பன். எங்கோ பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். ஓட்டப் பந்தயங்கள் தொடங்குமுன் பிள்ளைகளை மரப்பெட்டி மேல் ஏற்றி, ஒற்றைக் காலில் குதித்து நிற்கச் சொல்வார். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் அந்த ஆண்டு ஓட்டம் கிடையாது. என் அக்காள் மகன் சதாசிவத்துக்கு அது பள்ளியில் கடைசி ஆண்டு. இப்போது விட்டால் மாநில அணியை அவன் மறந்துவிட வேண்டியதுதான்.

அவன் அப்பா சீனி எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. மகன் அணியில் சேர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, குதித்துக் காட்டும் நாளுக்கு முந்தின ஞாயிறுதான் அப்பனும் மகனும் பூக்குழி இறங்கியிருந்தார்கள். விரதம் கெட்டவனுக்குத்தான் கால் சுடும் என்பது மச்சானின் சட்டம். முந்தின ஆண்டு ஒரு லாரி ஓட்டுநருக்குக் கொப்புளம் கண்டபோது, ஒலிபெருக்கியிலேயே, "என்னத்தடா தின்ன?" என்று கேட்டார். அந்த ஆள் பாகான் செராய்க்கே குடிபோய்விட்டான்.

குதிக்கும் நாளில் பள்ளித் திடலில் மச்சானும் நானும் பக்கத்தில் நின்றோம். சதாசிவம் குதித்தான். இடது முட்டி உள்ளே மடிந்தது. மறுபடி குதித்தான். விழுந்தான்.

"இந்த முட்டி இந்த வருசமே போயிடும் தம்பி. வேணாம், ஓடாத," என்றார் முத்தப்பன்.

"டேய், காலுக்கு என்னடா?" என்று நான் காதோரம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாமா."

வாத்தியாருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "சப்பாத்தக் கழட்டு, பாதத்தப் பாக்கணும்."

"வேணாம் சார். நான் ஓடல."

இத்தனை நாள் ஓடிய பயல் ஒரு நொடியில் விட்டுவிட்டான். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. திடலில் நின்ற தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "என்னா சார் பேசுறீங்க? பூக்குழி மிதிச்ச காலு லா இது! ஒரு கொப்புளம் கிடையாது!" என்று மண்டியிட்டு, தாமே சப்பாத்தைப் பிடித்து இழுத்தார்.

காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

தன் மகளை ஓட அழைத்து வந்திருந்த நல்லம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "என்ன பூசாரி, வீட்டுல கருவாட்டுக் கொழம்பா?"

சிலர் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். புல் எப்படி முளைக்கிறது என்று அன்றைக்குத்தான் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

முத்தப்பன் குனிந்து பார்த்தார். "இந்தக் காலோட குதிச்சா எந்த முட்டிதான் நிக்கும்? முட்டியில கோளாறு இல்ல. மருந்து போடுங்க. ஆறினதும் வரட்டும், திரும்பப் பாப்போம்."

சதாசிவத்துக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "அப்பா, நான் ஒண்ணும் திங்கலப்பா. சத்தியமா."

மச்சான் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். சப்பாத்தின் நாடாவை எதற்கோ அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

"தெரியும்டா," என்றார் கடைசியில், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கும் சுட்டுச்சு. வருசா வருசம் சுடுது."

பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திருப்பிக்கொண்டேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு மச்சான் முன்னால் நடந்தார். மறைக்காமல் நொண்டினார். சதாசிவமும் நொண்டினான். அவர்களோடு எப்படி நடப்பது என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. நானும் கொஞ்சம் நொண்டிக்கொண்டேன்.