பெரிஸ்காவுக்கு இரண்டு விளக்குகள்

நான் செய்த முதல் நீர்மூழ்கி விளக்கு நாற்பது நொடி எரிந்தது. தரையில். தண்ணீருக்குள் எரிய வேண்டிய பொருளைப் படகுத்துறை பெஞ்சில் வைத்து, பார்பா ஷிமேவுக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். எல்.இ.டி.யின் சூட்டைக் கடல்தான் உறிஞ்ச வேண்டும், பெஞ்சு உறிஞ்சாது. கப்பல் மின்பொறியியல் மூன்றாமாண்டு மாணவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் மூன்றாமாண்டை இரண்டாவது முறையாகப் படிப்பவன். இரண்டு மடங்கு தெரிந்திருக்க வேண்டும்.

"வாசனை நல்லாத்தான் வருது லோவ்ரே. இது மேல மத்தி மீன் சுடலாமா?" என்றார் அவர். எங்கள் கரையில் வயதான ஆண்கள் எல்லாருமே பார்பாதான். ஷிமே, படகும் வாயும் உள்ள பார்பா.

விளக்கைக் கேட்டவள் என் வகுப்புத் தோழி அல்ல. அவளுக்கு வகுப்புகளில் தேர்ச்சி பெறும் பழக்கம் உண்டு. நிவெஸ் கடலியல் துறையில் பெரிஸ்கா எண்ணுபவள். மணலில் கூர்முனையைக் குத்திக்கொண்டு, முழங்காலைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும் சிப்பி அது. சில வருடங்களுக்கு முன் ஒரு நோய் வந்தது. மூன்று கோடைகளாக அவள் எண்ணியதெல்லாம் நின்றபடியே செத்துப்போன வெற்று ஓடுகள். கடைசியில் பேராசிரியர், ஆய்வேட்டின் தலைப்பில் நிகழ்காலத்தை எடுத்துவிட்டு இறந்தகாலம் போடச் சொல்லிவிட்டார். சின்ன இலக்கணத் திருத்தம்தானாம். திங்கட்கிழமை தலைப்பைக் கொடுக்க வேண்டும்.

பார்க்காத இடம் ஒன்றே ஒன்று பாக்கி. பாஷ்மான் தீவின் தென்கோடியில், இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில், கடலடியில் நல்ல தண்ணீர் ஊறும் ஒரு பாறைப்பொந்து. உப்பு குறைந்த இடத்தில் அந்த நோய் கொஞ்சம் தயங்கும். ஆள் இறங்கிப் பார்க்க அனுமதி வேண்டும், அனுமதி வர மூன்று மாதம் ஆகும். நோய் அனுமதி கேட்டு வரவில்லை என்பதைத் துறை கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களிடம் ஆளில்லாமல் கடலுக்குள் இறங்கும் ஒரு வண்டி இருந்தது. பிவிசி குழாய்ச் சட்டம், படகில் சேரும் நீரை இறைக்கும் குட்டி மோட்டார் மூன்று, ஒரு கேமரா, நீளமான வயர். நன்றாக நீந்தும். இருட்டில் கண் மட்டும் தெரியாது.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தேன். பழைய ஜன்னல் சட்டத்திலிருந்து அலுமினியத் துண்டுகளை அறுத்து, எல்.இ.டி.களை ஒட்டி, ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, அம்மாவின் கேக் அச்சுகளில் இறக்கி, மேலே எப்பாக்ஸிப் பிசின் ஊற்றினேன். மறுநாள் அவை தேன் நிறத்தில் உறைந்து நின்றன. அம்மா கரண்டியோடு வந்தாள்.

"ரொஜாட்டா யாருக்குடா செஞ்ச?"

"கடலுக்கும்மா. தொடாத."

"எனக்கு ஒரு நாள் ஒரு முட்ட கூட வேகவெச்சுக் குடுத்ததில்ல. கடலுக்குப் புட்டிங்காம்."

வாளித் தண்ணீரில் இரண்டு விளக்கும் மூன்று மணி நேரம் எரிந்தன. ஒன்றை நம்பாமல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைத்தேன். சனிக்கிழமை காலை கிளம்பினோம். மதியத்துக்குமேல் 'பூரா' என்கிற வடக்குக் காற்று வரும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். மலையிலிருந்து அது இறங்கினால் படகு நிற்காது.

பத்து மணிக்கு வண்டி பொந்துக்குள் போனது. விளக்கைப் போட்டேன். திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது.

"ஏன்டா, கடலுக்குன்னு சொல்லி வெலபித் மலைக்கா கூட்டிட்டு வந்துட்ட? பனி பெய்யுது," என்றார் பார்பா ஷிமே.

"தண்ணியில தூசி, பார்பா."

"தூசி தெரியுதுல்ல? விளக்கு வேல செய்யுது. வீட்டுக்குப் போலாமா?"

நிவெஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லோவ்ரே, பனிமூட்டத்துல உங்கப்பா ஹெட்லைட்ட முழுசாப் போட்டு ஓட்டுவாரே, ஞாபகமிருக்கா?"

"ஒண்ணுமே தெரியாது. அதான் பள்ளத்துல எறக்கினார்."

"அதத்தான் நீயும் பண்ணிருக்க."

நான் விளக்குகளைக் கேமராவை ஒட்டிக் கட்டியிருந்தேன். முன்னால் இருக்கிற தூசியெல்லாம் வெளிச்சத்தை நேராகத் திருப்பி அனுப்பியது. விளக்குகள் இரண்டு பக்கமும் தள்ளி நின்று, குறுக்காக அடிக்க வேண்டும். நீளமாக இரண்டு கம்பி வேண்டும். படகின் வெயில் மறைப்பில் சரியான அளவில் இரண்டு இருந்தன.

"அதுல கைய வச்சே, நீந்தித்தான் ஊர் போவ," என்றார் பார்பா ஷிமே.

"பார்பா, ப்ளீஸ்," என்றாள் நிவெஸ்.

"அவன் சொன்னா மாட்டேன். நீ சொன்னா யோசிப்பேன்." யோசித்தார். ரம்பத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். "என் பொண்டாட்டி கேட்டா பூரா காத்து பிச்சிருச்சுன்னு சொல்லணும். மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்."

பதினொன்றேகாலுக்கு வண்டி மறுபடி இறங்கியது. இம்முறை தூசி இருட்டில் கரைந்துபோய், பாறையின் மஞ்சள் பாசி துலங்கியது. ஓர் ஓடு. வெறுமை. இன்னொன்று, சாய்ந்து கிடந்தது. மூன்றாவது, பிளந்து உடைந்திருந்தது. நிவெஸ் ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் அசைத்தாள். வடக்கே மலை மேல் வெள்ளை மேகம் தொப்பி போடத் தொடங்கியிருந்தது, பூரா வரும் அடையாளம்.

"இன்னும் பத்து நிமிஷம்," என்றார் பார்பா ஷிமே. குரலில் கேலி இல்லாததுதான் பயமாக இருந்தது.

பொந்தின் மூலையில் நாலாவது. நிமிர்ந்து நின்றது, விரலளவு வாய் திறந்து.

"செத்ததும் இப்படித்தான் நிக்கும்," என்றாள் நிவெஸ். "வெளிச்சம் சட்டுனு கொறஞ்சா, தலைக்கு மேல ஏதோ வருதுன்னு நெனச்சு உயிருள்ளது மூடிக்கும். இடது விளக்க அணை."

"அணைக்கவா?"

"அணைடா!"

அணைத்தேன். சிப்பியின் மேல் பாதி இருட்டு விழுந்தது. எதுவும் நடக்கவில்லை. பார்பா ஷிமே தொப்பியைக் கழற்றினார். நான் வாயைத் திறந்து ஆறுதலாக ஏதோ உளறப் போனேன்.

அப்போது பெரிஸ்கா, யாருக்கும் எந்த அவசரமும் இல்லாததுபோல, மெதுவாக வாயை மூடியது.

"இன்னொரு தடவ போட்டுக் காட்டு," என்றார் பார்பா ஷிமே.

"வேணாம்," என்றாள் நிவெஸ். அழுதுகொண்டே சிரித்தாள். "அதத் தொந்தரவு பண்ணாதீங்க. வண்டிய மேல ஏத்து. பார்பா, இத வெளிய சொல்லக் கூடாது. சொன்னா அலங்காரத்துக்குன்னு எவனாவது பிடுங்கிட்டுப் போயிருவான். அதச் சுத்திப் பாதுகாப்புக் கூண்டு வைக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்குமேன்னா? என் பொண்டாட்டிக்குக் கூடவா?"

"குறிப்பா அவங்களுக்கு."

அவருக்குத் தண்டனைபோல இருந்தது. காற்று முதுகைத் தள்ள, திரும்பி வரும் வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. துறையில் ஆறேழு பேர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஷிமே, புள்ளைங்க ஏதாச்சும் கண்டுபிடிச்சாங்களா?"

பார்பா ஷிமே எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"இதுங்களா?" என்றார் துறை முழுக்கக் கேட்கிற மாதிரி. "கடலையே கண்டுபிடிக்கலடா!"

எல்லாரும் சிரித்தார்கள். நிவெஸ்தான் அதிகம் சிரித்தாள்.